மூன்று வீட்டுக்கு ஒரு பெரியவர்

“யாரும் வந்து பார்க்க மாட்டாங்களாம் அக்கா. போட்டோ எடுத்து அனுப்பினா போதுமாம்” என்று பிரேமா போனில் சொன்னதும், கையிலிருந்த டீயை அப்படியே மேஜையில் வைத்துவிட்டேன்.

பிரேமா என் சர்வீசின் கடைசி வருஷங்களில் எனக்குக் கீழே வேலை பார்த்தவள். மயூர் விஹாரில் ஃப்ளாட். மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். காலியாகக் கிடக்கும் அறையை, டெல்லிக்கு நாலு நாள் வந்து போகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாமா என்று யோசிக்கிறாள். “உங்க காலத்துல இதுக்கு என்னென்ன ரூல்ஸ் இருந்துச்சுன்னு எழுதிக் குடுங்களேன். ஆபீஸ்ல புதுசா வந்திருக்கிற பசங்க, இதுக்கெல்லாம் இன்ஸ்பெக்ஷன் உண்டுன்னா சிரிக்கிறாங்க” என்றாள்.

“படுத்துப் பார்க்கக்கூட ஆள் வராதா?” என்று கேட்டேன்.

“என்னக்கா, படுத்தா?”

அவளுக்கு எங்கே தெரியப்போகிறது! எங்கள் இன்ஸ்பெக்டர் சாப்ரா சாகிப் ஓய்வு பெற்றபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. சரி, எழுதுகிறேன். விதிகளைக் கேட்டாள். ஆனால் விதிகளை நினைத்தாலே எனக்கு ஒரு மனிதர் முன்னால் வந்து நிற்கிறார். அவரைப் பற்றியும் எழுதாமல் முடியாது.

விருதுநகரிலிருந்து கல்யாணமாகி நான் டெல்லி வந்தபோது எனக்குத் தெரிந்த இந்தி ‘நஹீ’ என்ற ஒரே சொல்தான். மிச்சத்தை சரோஜினி நகர் சந்தையில் துணிக்காரர்களோடு பேரம் பேசிப் பேசிக் கற்றுக்கொண்டேன். அதனால் இன்றைக்கும் என் இந்தியில் சண்டைக்கு நிற்கிற தொனி ஒன்று இருக்கும். வீட்டில் உட்கார்ந்தே படித்துப் பரீட்சை எழுதி மாநகராட்சியில் குமாஸ்தா ஆனேன். தட்டச்சு, தபால் பிரிவு, சொத்து வரி என்று ஒவ்வொரு மேஜையாக நகர்ந்து லைசென்ஸ் பிரிவுக்கு வந்து சேர்ந்தேன். எண்பதுகளின் தொடக்கம். ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக ஊரெங்கும் பள்ளம் தோண்டிப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வருகிற கூட்டத்துக்கு ஓட்டல்கள் போதாது, குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே விருந்தினரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்றார்கள். பகலில் வீடுகளில் பெண்கள் தனியாக இருப்பார்களே, கூட ஒரு பெண் ஊழியர் போனால் நல்லது என்று என்னைப் பிடித்து சாப்ரா சாகிப்போடு அனுப்பிவிட்டார்கள்.

சாப்ரா சாகிப் ஒல்லியாக, ஜன்னல் கம்பி மாதிரி நிமிர்ந்து இருப்பார். பேச்சு குறைவு. சட்டைப்பையில் இரண்டு கைக்குட்டைகள். ஒன்று முகத்துக்கு. இன்னொன்று எதற்கு என்று முதல் நாள்தான் தெரிந்தது. லாஜ்பத் நகரில் ஒரு வீடு. வாடகைக்கு விடப்போகும் அறையைக் காட்டினார்கள். இவர் ஷூவைக் கழற்றினார். தலையணைமேல் இரண்டாவது கைக்குட்டையை விரித்தார். மல்லாந்து படுத்து, கைகளை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, கண்ணை மூடாமல் கூரையைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தார். வீட்டுக்கார அம்மாள் என் காதில், “சாகிப்புக்கு மாரடைப்பா? தண்ணி தெளிக்கட்டுமா?” என்றாள்.

அவர் எழுந்து, “பக்கத்து வீட்டுக் குளியலறை ஜன்னல் நேரே இந்தக் கட்டிலைப் பார்க்கிறது. கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். ஃபேன் கொக்கியில் துரு. மாற்றிவிட்டு மனு கொடுங்கள்” என்றார். வெளியே வந்ததும் என்னிடம், “நின்று பார்த்தால் சுவர்தான் தெரியும், தங்கம்ஜி. வந்து தங்குகிறவன் படுக்கத்தானே வருகிறான்?” என்றார். ஆய்வுக்குப் போன வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். எந்த வெயிலிலும் மாட்டார். எனக்கும் கிடையாது.

விதிகள் என்று பார்த்தால் அப்படியொன்றும் சிக்கல் இல்லை. விருந்தினர் அறைக்கு வெளிக்காற்று வருகிற ஜன்னல் வேண்டும், மின்விசிறி வேண்டும். துவைத்த விரிப்பு, பூட்டுப் போட ஒரு அலமாரி, காலையில் டீ. தீப்பிடித்தால் அணைக்க வாசலில் மணல் நிரப்பிய சிவப்பு வாளி. ஒருவர் தொடர்ச்சியாக ஒரு மாதத்துக்கு மேல் தங்கக் கூடாது. தங்கினால் அவர் குடித்தனக்காரர் ஆகிவிடுவார், அது வேறு சட்டம். விருந்தினர் இருக்கும் நேரமெல்லாம் வீட்டில் குடும்பத்தைச் சேர்ந்த, வயது வந்த பெரியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். கடைசியாக ஒன்று. குடும்பத்தில் பெரியவர்கள் இரண்டு பேருக்கு ஓர் அறை என்று முதலில் ஒதுக்க வேண்டும். மிஞ்சிய அறையைத்தான் வாடகைக்கு விடலாம்.

இதை வைத்துக்கொண்டு ஜனங்கள் பேசிய பேச்சு இருக்கிறதே, அதற்காகவே நான் அந்த வேலையை நேசித்தேன். பட்டேல் நகரில் ஒரு பஞ்சாபி அம்மாள், “துவைத்த விரிப்பு, காலையில் டீ! மேடம், என் சொந்த மாமியாரை நான் இப்படி வைத்துக்கொண்டதில்லை” என்றாள். ஒரே குளியலறை வைத்துக்கொண்டு ஆறு பேருக்கு லைசென்ஸ் கேட்ட ஒரு பெங்காலி தாதா, “குளியலறை சின்னதுதான், ஆனால் எங்கள் மனசு பெரிசு” என்றார். சாப்ரா சாகிப் நிதானமாக, “மனசில் குழாய் இருக்கிறதா?” என்று கேட்டார்.

ஏமாற்றும் இருந்தது, ஒளிப்பானேன். தெற்கு டெல்லியில் மத்திய அரசு ஊழியர்கள் சங்கம் சேர்ந்து மனை வாங்கிக் கட்டிய ஒரு காலனி. தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஊரிலிருந்து இன்டர்வியூவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருகிறவர்கள் அங்கேதான் வந்து இறங்குவார்கள். அந்தத் தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் அதே சிவப்பு வாளி. விளிம்பில் அதே நசுங்கல். நாங்கள் முன்வாசலில் செருப்பு மாட்டுவதற்குள் வாளி பின்சுவர் தாண்டி அடுத்த வீட்டு வாசலில் உட்கார்ந்துவிடும். சாப்ரா சாகிப் அதைப் பார்த்து, “இந்த வாளிக்குக் காலனியில் எல்லாரையும் தெரியும்” என்பார். சிரித்துவிட்டு, சொந்த வாளி வாங்கினால்தான் கையெழுத்து என்று எழுதுவோம்.

வாளி கைமாறியதற்குச் சிரித்தேன். அடுத்து கைமாறியதைப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்தத் தெருவில் வசந்தா என்று ஒருவர். கணவன் மனைவி இரண்டு பேரும் ஆபீஸ் போகிறவர்கள். பகலில் பெரியவர் யார் இருப்பார் என்று கேட்டேன். கூடத்தில் நாற்காலியில் வேட்டி கட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரைக் காட்டி, “எங்க மாமனார். எங்கயும் போக மாட்டாரு” என்றார். நான் வணக்கம் சொன்னேன். அவரும் அழகாகக் கும்பிட்டு, “வாம்மா, வெயில்ல வந்திருக்க” என்றார். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. லைசென்ஸ் கொடுத்தோம்.

சில வாரம் கழித்து அதே தெருவில் லலிதா என்பவர் வீடு. அன்றைக்கு நான் மட்டும் போயிருந்தேன். “எங்கப்பா கூடவே இருக்காரு மேடம்” என்று அவர் கதவைத் திறந்தார். உள்ளே நாற்காலியில் பைஜாமா ஜிப்பாவில், கையில் பேப்பரோடு, அதே ஆள்!

“இவரு… வசந்தா வீட்டு மாமனார்ல?” என்றேன்.

லலிதா அசரவில்லை. “வயசானா எல்லாரும் ஒரே ஜாடையாத்தான் மேடம் இருப்பாங்க.”

“அது சரி. மூக்குக் கண்ணாடியில ஒரு பக்கம் நூல் கட்டியிருக்கே, அதுவும் ஒரே ஜாடையா?”

பெரியவர் பேப்பரை மடித்து வைத்தார். “வுடும்மா லலிதா. அந்தப் பொண்ணுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குது. நான்தாம்மா அது.” வேலூர்ப் பக்கத்துப் பேச்சு. சபாபதி என்று பேர் சொன்னார்.

“என்னங்கய்யா இது? வயசானவரு, நாடகமா ஆடுறீங்க?”

“இதுல நாடகம் இன்னாம்மா? இவங்களுக்குப் பகல்ல ஒரு பெரிய ஆளு வேணும். எனக்குப் பகல்ல ஒரு நெழலு வேணும். காலைல வந்து ஒக்காருவேன். மத்தியானம் சோறு போடுவாங்க. வசந்தா வீட்ல ரசம் நல்லாருக்கும். இங்க மோர் நல்லாருக்கும்.”

“வீடு இல்லையா உங்களுக்கு?”

“இருக்குது, இருக்குது. இதே காலனிதான்” என்றவர், மறுபடி பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஆபீசுக்கு வந்து சாப்ரா சாகிப்பிடம் சொன்னேன். இத்தனை வருஷ சர்வீசில் அவர் வாய் திறந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். “ஆளையுமா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, “ஆளையுமா, தங்கம்ஜி?” வசந்தாவின் லைசென்ஸையும் லலிதாவின் மனுவையும் நிறுத்த வேண்டியதுதான். ஆனால் அதே தெருவில் இன்னொரு புது மனு இருந்தது. மூன்று அறை உள்ள வீட்டில் இரண்டு அறைகளை விருந்தினருக்கு விடக் கேட்டிருந்தார்கள். அதையும் பார்த்துவிட்டு மூன்றையும் சேர்த்து முடிவு செய்யலாம் என்றார்.

ஜூன் மாதம். லூ என்கிற கோடை அனல்காற்று அடுப்பைத் திறந்த மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. மனுக்காரர் பெயர் ரவி. முப்பது வயதிருக்கும். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் கொஞ்சம் நொண்டும். மனைவி கீதா வீட்டில்தான் இருக்கிறார், ஆகவே பகலில் ஆள் உண்டு. குடும்பத்தில் பெரியவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் என்றார். எல்லாம் சுத்தமாக இருந்தது. சொந்த வாளிகூட வைத்திருந்தார்கள். பின்னறை குடும்பத்துக்கு. நடு அறையும் தெருவைப் பார்த்த முன்னறையும் விருந்தினருக்கு. சாப்ரா சாகிப் இரண்டிலும் படுத்து எழுந்தார். முன்னறையில் வேப்பமரத்துக் காற்று வந்தது. அவர் முகத்திலேயே திருப்தி தெரிந்தது.

அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம். குடத்தோடு ஒருவர் தண்ணீர் எடுக்க இறங்கி வந்தார். நூல் கட்டிய மூக்குக் கண்ணாடி.

எனக்கு வந்த கோபத்தில் மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. “இங்கேயும் நீங்கதானா! என்ன ரவி சார், இவரை எந்த வீட்லேர்ந்து இரவல் வாங்கினீங்க? இங்க மாமனாரா, சித்தப்பாவா?”

ரவிக்கு முகம் வெளுத்துவிட்டது. “நோ நோ மேடம். இவர் நம்ப ஃபேமிலி இல்ல. கெஸ்ட். ஊர்லேர்ந்து வந்திருக்கார். தோ தின், ரெண்டு நாள்ல சலே ஜாயேங்கே… போயிடுவார்.”

பெரியவர் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி, சத்தம் வராமல் தரையில் வைத்தார். சமையலறை வாசலில் கீதா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பரவாயில்லையே, இந்த ஒரு வீட்டிலாவது உண்மையைச் சொல்கிறார்கள் என்றுகூட நினைத்தேன். சாப்ரா சாகிப்தான், “அச்சா, விருந்தினர். அப்படியானால் விருந்தினர் படுக்கையைப் பார்க்க வேண்டுமே. எங்கே?” என்று கேட்டார். அவருக்கு அது வழக்கமான கேள்வி. படுக்கை என்று ஒன்று இருந்தால் அவர் படுத்துப் பார்க்க வேண்டும்.

“மேல… டெம்பரரி…” என்றார் ரவி.

மாடிக்குப் போனோம். மொட்டைமாடித் தளம் செருப்பைத் தாண்டிச் சுட்டது. தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஒரு ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைச் சாய்த்து வைத்திருந்தது. அதன் அடியில் ஒரு கயிற்றுக் கட்டில். ஒரு தகரப் பெட்டி. ஜன்னல் இல்லை. ஜன்னல் வைக்கச் சுவரே இல்லை. சாப்ரா சாகிப் ஷூவைக் கழற்றினார். வேண்டாம் சாகிப் என்று சொல்ல வந்தேன். அதற்குள் கைக்குட்டையை விரித்துப் படுத்துவிட்டார். தகடு அவர் மூக்குக்கு ஒரு முழம் மேலே இருந்தது. அதிலிருந்து இறங்கிய அனல் நின்றுகொண்டிருந்த என் முகத்தில் அடித்தது. எந்தக் கட்டிலிலும் அவர் அவ்வளவு நேரம் படுத்துக் கிடந்து நான் பார்த்ததில்லை.

எழுந்து உட்கார்ந்தவரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பெரியவரைப் பார்த்து மெதுவாக, “பாபுஜி, நீங்கள் எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறீர்கள்?” என்றார்.

சபாபதி பழைய ஆபீஸ் இந்தியில், திருத்தமாகப் பதில் சொன்னார். “சரோஜினி நகரிலிருந்து, சாகிப். அங்கே குவார்ட்டர்ஸில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தேன். ஓய்வு பெற்றதும் இங்கே வந்தேன். அதற்காகத்தான் இந்த வீட்டைக் கட்டினேன்.”

நான் ரவியைப் பார்த்தேன். பெரியவரைப் பார்த்தேன். அதே நெற்றி, அதே காது மடல். இரண்டு அந்நிய வீட்டில் இவரை மாமனார் என்றும் அப்பா என்றும் சொல்லக் கேட்டுவிட்டு வந்த எனக்கு, இந்த வீட்டில் ஜாடை தெரியவில்லை! கணக்கு அப்போதுதான் மண்டையில் இறங்கியது. பெரியவர்கள் இரண்டு பேர் என்றால் ஓர் அறை போதும். மூன்றாவதாக ஓர் ஆள் இருந்தால் இன்னொரு அறை ஒதுக்க வேண்டும். ஒரு அறைக்காகப் பெற்ற தகப்பனைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கைப்பிடிச் சுவரைப் பிடித்தேன். சூடு உள்ளங்கையில் ஏறியதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

சாப்ரா சாகிப் மனுவை மடிக்கத் தொடங்கினார். “இந்த லைசென்ஸ் கிடையாது” என்றார்.

பதறியது ரவி இல்லை, பெரியவர்தான். என் பக்கம் திரும்பித் தமிழில் பேசினார். “ஐயய்யோ, அப்படிச் செய்யாதீங்கம்மா. அவன் வேலை பார்த்த கம்பெனிய மூடிட்டாங்க. இத நம்பித்தான் கீறான். பாரும்மா, நான் ரெண்டு வீட்ல ஒக்காந்து ஒக்காந்து உங்க ரூல்ஸ் பூராக் கேட்டுட்டேன். கெஸ்ட்டுக்கு ஜன்னல் உண்டு. ஃபேன் உண்டு. காலைல டீ உண்டு. அப்பனுக்கு அதுல ஒண்ணும் போடல. அவன் சொன்ன மாதிரியே என்னக் கெஸ்ட்டுன்னு எழுதிக்கோ. முன் ரூம்ல ஒரு கட்டில் குடுக்கச் சொல்லு. அது போதும்.”

“ஐயா, கெஸ்ட்டு ஒரு மாசத்துக்கு மேல தங்கக் கூடாதுங்கய்யா” என்றேன். அந்த நேரத்தில் எனக்கு வாயில் வந்தது அந்த விதிதான். இப்போது நினைத்தாலும் நம்ப முடியவில்லை.

“தெரியும்மா. மாசம் முடிஞ்சா நான் ஒரு நாளு போய் வசந்தா வீட்ல அப்பனா இருந்துட்டு வந்துடறேன். மறுநா திரும்பப் புது கெஸ்ட்டா வரேன்.”

கேலியாகச் சொல்லவில்லை அவர். யோசித்து, வழி கண்டுபிடித்து, நல்ல யோசனைதானே என்று என் முகத்தைப் பார்த்தார்.

படிக்கட்டில் நின்றிருந்த கீதா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன சொல்கிறார்?” என்று கேட்டார் சாப்ரா சாகிப். தமிழிலிருந்து இந்திக்கு மாற்றிச் சொல்வது என் வேலை. எத்தனையோ வீட்டில் எத்தனையோ சண்டையை, சாபத்தை, பொய்யை மாற்றிச் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் எப்படி மாற்றிச் சொல்வதென்று தெரியவில்லை. “க்யா கஹா?” என்று அவர் மறுபடி கேட்டார். நான் ரவியைப் பார்த்தேன்.

ரவிதான் பேசினார். தரையைப் பார்த்துக்கொண்டு, எங்களையெல்லாம்விட நல்ல இந்தியில் ஆரம்பித்தார். “பிதாஜி கஹ் ரஹே ஹை…” அப்பா சொல்கிறார் என்று தொடங்கியவருக்கு, அதற்கு மேல் வரவில்லை. அந்த முதல் சொல்லைத் தாண்ட முடியாமல் இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார்.

சாப்ரா சாகிப் மிச்சத்தைக் கேட்கவில்லை. மடித்த மனுவைத் திரும்பப் பிரித்து, முழங்காலில் வைத்து நீவினார். பேனாவை என்னிடம் நீட்டினார்.

“பிதாஜி என்கிறார், தங்கம்ஜி. குடும்பத்தில் ஒரு ஆள் கூட்டி எழுதுங்கள். விருந்தினருக்கு ஓர் அறைதான்.” பிறகு பெரியவரைப் பார்த்து, “எந்த அறை வேண்டும் என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள்” என்றார்.

பெரியவர் மகனைப் பார்த்தார். ரவி குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, எங்களைத் தாண்டிப் படியிறங்கிப் போனார். கீழே முன்னறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.